பூஜை அறைக்கு மேல் ஒரு கடல்

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். காஸை மூடினேனா இல்லையா என்று பாதி வழியில் ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். மூடித்தான் இருந்தது. அப்படிப்பட்டவள் அறுநூறு லிட்டர் கடல் தண்ணீரை மாடி ஹாலில் நிறுத்தி வைக்க ஆசைப்பட்டேன் என்றால், அந்த ஆசை எப்படிப்பட்டது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டில் எங்கள் வீடு. கீழே கணவரின் தம்பி குடும்பம், மேலே நாங்கள். நாங்கள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். கணவருக்கு ஓசூரில் வேலை, சனி ஞாயிறுக்கு வருவார். மகள் படிக்க வெளியூர் போய்விட்டாள். வாரத்தில் ஐந்து நாள் மாடியில் நானும் ஃபேன் சத்தமும்தான். கடலோரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. அங்கே உடன் வேலை பார்ப்பவர் ஒருவரின் வீட்டு விசேஷத்துக்குப் போனபோதுதான் பவளத் தொட்டியை முதலில் பார்த்தேன். நீல விளக்கின் கீழே பவளங்கள் விரிந்து அசைந்துகொண்டிருந்தன. ஆரஞ்சு மீன் ஒன்று அவற்றுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. பந்திக்கு இரண்டு தடவை கூப்பிட்டும் எனக்குக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் தோன்றியது, அந்த ஒரு மணி நேரமும் நான் எதற்கும் பயப்படவே இல்லை என்று. ஐம்பது வயதில் அப்படி ஒரு மணி நேரம் கிடைத்தால் விடுவேனா?

ஆசைப்பட்ட மறுநாளே பயம் ஆரம்பித்துவிட்டது. ஒரு நோட்டுப் போட்டு எடைகளை எழுதினேன். தண்ணீர், கண்ணாடி, மணல், பாறை, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு டன். கணவரிடம் போனில் சொன்னேன். "ஒரு சின்ன கார் எடை. மாடி ஹாலில் கார் நிறுத்தப் போகிறாயா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற கட்டட இன்ஜினியர் ஒருவர் வந்தார். சுவரைத் தட்டினார், மேலும் கீழும் இரண்டு தடவை நடந்தார். "பீம் மேல வைங்கம்மா. கீழ ரெண்டு பக்கமும் செவுரு இருக்கிற எடமா பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். அப்படி ஹாலில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அதற்கு நேர் கீழே இருப்பது என் ஓரகத்தியின் பூஜை அறை.

ஓரகத்தி என்னைவிட எட்டு வயது சின்னவள். செங்கல்பட்டிலேயே பிறந்து வளர்ந்தவள். மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுவாள். நானோ தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவள், ஒரு விஷயத்தைச் சொல்வதற்குள் பத்து முறை யோசிப்பேன். இருபது வருடமாக ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். சண்டை போட்டதில்லை, நெருங்கிப் பழகியதும் இல்லை. நான் கேட்கப் போனபோது அவள் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, சாமி தலைக்கு மேலயா மீனு வெக்கப் போறீங்க?"

"தொட்டிதாம்மா."

"மீனு இல்லாத தொட்டியா?"

அவள் திரியைச் சரிசெய்தாள். "சரி, வெச்சிக்கங்க. மேல உங்களுக்கும் பேச்சுத் தொணைக்கு ஆள் இல்ல. ஆனா ஒரு சொட்டு தண்ணி சாமி மேல வுழுந்துச்சினா, அன்னிக்கே தொட்டிய எறக்கிடணும். சத்தியம் பண்ணுங்க" என்று கையை நீட்டினாள். நான் அந்தக் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். படியேறும்போதே ஒரு டன் எடையைப் பற்றிய பயம் போய், ஒரு சொட்டைப் பற்றிய பயம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவெல்லாம் அந்தச் சொட்டை நினைத்து எடுத்ததுதான். ஸ்டாண்டுக்கு அடியில் விளிம்பு வைத்த தட்டு, அதற்கு அடியில் ரப்பர் விரிப்பு, நாலு மூலையிலும் ஈரம் பட்டால் கத்துகிற அலாரம். அலாரங்களை நானே செய்தேன், தொழில் அதுதானே. தொட்டியில் தண்ணீர் குறைந்தால் தானாகவே நிரப்பும் ஒரு கருவி உண்டு. எல்லோரும் அதைத்தான் வாங்குவார்கள். நான் வாங்கவில்லை. அதன் வால்வு ஒரு நாள் மூடாமல் நின்றுவிட்டால் வழிந்து கீழே போகுமே. கையால் ஊற்றிக்கொள்கிறேன், அது நம்பகமானது என்றேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடல் பாறை விஷயத்திலும் பயம். கல்போல இறுகிய பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள் நான். அதனால் பாறைகளை மொட்டைமாடியில் நானே செய்தேன். வெள்ளை சிமென்ட்டையும் மணலையும் கல்லுப்பையும் பிசைந்து, மணல் குழியில் கொட்டி வார்த்து, காய்ந்ததும் தண்ணீரில் ஊறப் போட்டேன். உப்பு கரைந்ததும் பாறை முழுக்க ஓட்டை ஓட்டையாக ஆகிவிட்டது. இரண்டு மாதம் தண்ணீரை மாற்றி மாற்றி சிமென்ட் காரத்தை எடுத்தேன். மழைக்குழாயில் வெள்ளையாக இறங்கிய தண்ணீரைப் பார்த்து ஓரகத்தி கீழேயிருந்து, "மாடில சுண்ணாம்பு அடிக்கிறீங்களாக்கா?" என்று கத்தினாள்.

தண்ணீருக்கு மாமல்லபுரம் பக்கத்து மீனவர் ஒருவரைப் பிடித்தேன். நெம்மேலி தாண்டிப் போகும் ஆபீஸ் பஸ்ஸின் ஜன்னல் வழியாக இத்தனை வருடம் அந்தக் கடலைப் பார்த்திருக்கிறேன், அது சுத்தமா அழுக்கா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "கரைத் தண்ணி கலங்கலா கீதும்மா. போட்டுல உள்ள போயி மொண்டுகினு வரேன்" என்றார். சொன்னபடியே டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து மினிலாரியில் ஏற்றினார். நான் ஒவ்வொரு டிரம்மிலும் ஒரு சொட்டு எடுத்து, உப்பு அளக்கும் கண்ணாடியில் வைத்து வெயிலில் பார்த்தேன். அவர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "இன்னாம்மா, கடல் தண்ணில உப்பு கீதா இல்லியானு பாக்கறீங்களா?" சிரித்தது அவர் மட்டும் இல்லை, டிரைவரும்தான்.

தொட்டி நிரம்பிய அன்று நான் மாடியில் இல்லை. கணவரை மேலே நிறுத்திவிட்டுக் கீழே பூஜை அறையில் நின்றேன். கூரையிலிருந்து ஒரு நூலில் நட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, நட்டுக்கும் தரைக்கும் நடுவே ஒரு தபால் அட்டை மட்டும் நுழையும்படி இடைவெளி விட்டிருந்தேன். கூரை கொஞ்சம் இறங்கினாலும் அட்டை மாட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் குனிந்து அட்டையை இழுத்துப் பார்த்தேன். ஓரகத்தி வாசலில் நின்று, "இது இன்னாக்கா, கண்ணு படாம இருக்கக் கட்டிகீறீங்களா?" என்றாள். மாலை வரைக்கும் அட்டை சுலபமாக வந்தது. கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை, என் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

பிறகு உயிர்கள் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் நத்தைகள். அப்புறம் ஒரு ஜோடி ஆரஞ்சு மீன். சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட இறால் ஒன்று. பில்லோடு வாங்கிய மென்பவளங்கள், பொத்தான் பொத்தானாகப் பச்சையில் ஒரு கொத்து, குடைபோல இரண்டு. பில்லைப் பீரோவில் பத்திரத்தோடு வைத்தேன்.

நான் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஓரகத்தி மேலே வர ஆரம்பித்தாள். சாயங்காலம் நான் வந்ததும் அவரைக்காயும் முறமுமாக வந்து தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு இறால்தான் பிடித்தது. மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கும், இறால் உள்ளே கையை விட்டுச் சுத்தம் செய்யும். "அய்ய, பல்லு வெளக்கி வுடுது பாருங்கக்கா!" என்று தினமும் புதிதாகப் பார்ப்பதுபோலச் சொல்வாள். இருபது வருடத்தில் பேசாததை அந்த நாலு மாதத்தில் பேசினோம். அப்போதும் என் பாதிக் கண் தொட்டியின் மூலையில் ஈரம் இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் ஆபீஸில் ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போகச் சொன்னார்கள். இரண்டு தடவை தட்டிக்கழித்தேன். மூன்றாவது தடவை முடியவில்லை. தொட்டித் தண்ணீர் தினமும் பத்து லிட்டர் போல ஆவியாகும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், ஈடுகட்ட நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஒரு வாரத்துக்கும் சேர்த்து ஆர்.ஓ. தண்ணீரை ஏழு கேன்களில் பிடித்து வரிசையாக வைத்தேன். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினேன். தீனி எத்தனை சிட்டிகை, கரண்ட் போனால் எந்த ஸ்விட்ச், ஹாலில் சாம்பிராணி கூடாது, கொசு மருந்து கூடாது, சோப்புக் கை கூடாது என்று முப்பத்தோரு வரி. ஓரகத்தி படித்துவிட்டு, "பொண்ண ஆஸ்டல்ல வுட்டப்பக்கூட இவ்ளோ எழுதலயே நீங்க" என்றாள்.

அங்கிருந்து தினமும் மூன்று தடவை போன் செய்தேன். "எல்லாம் நல்லாத்தான் கீதுக்கா" என்றாள். ஐந்தாம் நாள், "பூவுங்க கொஞ்சம் சுருங்கினாப்ல கீது" என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டியைப் பார்த்தேன். பவளம் எல்லாம் இறுக மூடிக் கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மணலில் மல்லாந்திருந்தன. இறாலைக் காணவில்லை. தேடிப் பார்த்ததில் பாறை இடுக்கில் வெளுத்துக் கிடந்தது. மீன்கள் இரண்டும் மட்டும் ஒன்றும் நடக்காததுபோலச் சுற்றிவந்தன. கேன்கள் ஏழும் காலியாக இருந்தன. அப்படியென்றால் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். வேறு என்ன செய்தாள்?

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் இருக்காது. பயந்தவர்களின் கோபம் மோசமானது. படியிறங்கிப் போய், "கொசு மருந்து அடிச்சியா? உண்மையைச் சொல்லு" என்றேன்.

"சத்தியமா இல்லக்கா."

"சாம்பிராணி போட்டியா? ஏதோ பண்ணியிருக்கே. இல்லன்னா இத்தனையும் ஒண்ணா எப்படிச் சாகும்?"

அவள் முகம் மாறிவிட்டது. "என்ன பாத்தா கொலகாரி மாதிரி கீதா உங்களுக்கு? நீங்க எழுதினது அத்தனையும் பண்ணேன்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் பொய் சொல்கிறாள் என்றே நினைத்தேன். சாயங்காலம் அவள் மேலே வரவில்லை. நானும் கீழே போகவில்லை.

தொட்டி வைத்திருந்த சக ஊழியர் வெள்ளைப் பஞ்சுபோல ஒரு பட்டை கொடுத்தார். தண்ணீர் ஓடும் வழியில் வைத்தால் நஞ்சை உறிஞ்சுமாம். எந்த நஞ்சோ அதற்கேற்ற நிறம் மாறுமாம். வைத்த மறுநாள் ஓரத்தில் லேசான நீலம். "நீலம்னா செம்புங்க. செம்பு இறாலையும் நத்தையையும் கொன்னுடும், பவளத்துக்கும் ஆகாது. எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க" என்றார். மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒயர், குழாய், திருகாணி ஒன்றையும் விடவில்லை. தொட்டியில் ஒரு குண்டூசி அளவு செம்பு கிடையாது. பட்டையை மாற்றினேன், புதியதும் நீலமாயிற்று. தண்ணீரிலிருந்து நஞ்சு குறைகிறதா, கூடுகிறதா என்றே புரியவில்லை. மீதிப் பவளமும் போய்விடும் என்று தோன்றியது. ஆபீஸில் ஒரு கருவியை இரண்டு தடவை தப்பாகச் சரிபார்த்தேன், அதுவரை எனக்கு நடக்காத ஒன்று.

நாலாம் நாள் சாயங்காலம்தான் ஒன்று உறைத்தது. நான் வந்ததிலிருந்து ஒரு நாளும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றப் போகும்போதெல்லாம் மட்டம் கோட்டிலேயே நின்றது. மழைக்காலம், ஆவியாவது குறைந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு சொட்டுகூடவா குறையாது? யாரோ ஊற்றுகிறார்கள். மேல் வீட்டுச் சாவி இன்னொன்று ஒரே ஓர் ஆளிடம்தான் இருக்கிறது.

மறுநாள் லீவு போட்டேன். பஸ்ஸுக்குப் போகிற நேரத்தில் படியிறங்கி, தெருமுனை வரை நடந்து, அவள் பின்கட்டில் துணி அலசும் சத்தம் கேட்டதும் திரும்பி வந்து படுக்கை அறையில் உட்கார்ந்தேன். சொந்த வீட்டில் திருடிபோல. ஒன்பது மணி இருக்கும். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. கதவிடுக்கில் பார்த்தேன். அவள் இடுப்பில் செப்புக் குடம். புளி போட்டுத் தேய்த்து ஜொலித்துக்கொண்டிருந்தது. வலது முட்டி வலி அவளுக்கு, படியேறினால் மூச்சு வாங்கும். குடத்தைத் தரையில் இறக்கி, முட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு ஸ்டூலில் ஏறி, சின்னச் செம்பால் மொண்டு, மணல் கலங்காதபடி கண்ணாடி ஓரமாக மெள்ள ஊற்றினாள்.

"உங்க பெரிம்மா என்னோட பேச மாட்டேங்கறா. அதுக்கு நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம். குடிங்க" என்று மீன்களிடம் சொன்னாள்.

நான் வெளியே வந்தேன். அவள் திடுக்கிட்டு ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா... கேனுங்கள்ல நாள்கணக்கா அடைச்சி வெச்ச தண்ணி அது. செத்த தண்ணி. அத எப்பிடி வாயில்லா ஜீவனுக்கு ஊத்தறது? செடிக்கு ஊத்திட்டேன். இது செம்புக் கொடத்துல ராத்திரி வெச்ச தண்ணி. காலைல சாமிக்கு வெக்கறதுக்கு மின்னாடி இதுங்களுக்கு எடுத்துகினு வந்துகினு கீறேன். ஒடம்பு சரியில்லாததுங்களாச்சே."

கத்தத்தான் வாயைத் திறந்தேன். அவள் சேலை இடுப்புப் பக்கம் நனைந்திருந்தது. படிகள் பதினெட்டு. பேசாத வீட்டுக்கு, பேசாதவளின் மீன்களுக்கு, தினமும் அந்த முட்டியோடு ஏறி வந்திருக்கிறாள். எனக்குச் சுற்றி வளைத்துச் சொல்ல வரவில்லை. "செம்புதாம்மா அதுங்களுக்கு விஷம்" என்றேன்.

அவள் குடத்தைப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள். "நாம குடிக்கிறோமேக்கா?"

"நமக்கு ஒண்ணும் ஆகாது. இறாலுக்கும் நத்தைக்கும்தான் ஒத்துக்காது."

"அப்போ அந்தப் பல்லு வெளக்கறது..." என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"உன் மேல தப்பில்ல. முப்பத்தோரு வரி எழுதினேனே, எந்தப் பாத்திரம்னு ஒரு வரி எழுதினேனா? தானா தண்ணி நிரப்பற கருவியை வாங்கியிருந்தா இது எதுவும் நடந்திருக்காது. உன்னை அப்படிக் கேட்டது என் தப்புதாம்மா" என்றேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். மீதித் தண்ணீர் தளும்பிப் படியெல்லாம் சிந்தியது.

அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. பாதித் தண்ணீரையாவது உடனே மாற்ற வேண்டும். மொட்டைமாடியில் மூடி வைத்திருந்த கடல் தண்ணீர் டிரம்கள் மூன்று மீதி இருந்தன. தொட்டியிலிருந்து பாத்ரூமுக்கு நீளக் குழாய் போட்டு இறைக்க விட்டுவிட்டு, டிரம்மைத் திறக்க மேலே போனேன். குழாயின் முனையைக் கட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் கட்டுகிறவள். அன்று கட்டவில்லை. மனமெல்லாம் கீழ்ப்படியில் சிந்திய தண்ணீரிலேயே இருந்தது. அலாரம் கத்தியது. ஓடி வந்தபோது குழாய் பாத்ரூமை விட்டுத் துள்ளி வெளியே வந்து ஹாலில் ஊற்றிக்கொண்டிருந்தது. மோட்டாரை அணைத்தேன். தண்ணீர் சுவரோரமாக ஓடி மூலைக்குப் போய், அங்கே நின்று தேங்காமல் காணாமல் போனது. பழைய ஒயர் பைப் கீழே இறங்கும் ஓட்டை அது. நோட்டில் எத்தனையோ எழுதிய நான் அந்த ஓட்டையை எழுதவில்லை.

ஒரு சொட்டு என்று சத்தியம். போனது இரண்டு பக்கெட் இருக்கும்.

கீழே இறங்கினேன். பூஜை அறைக் கதவு திறந்திருந்தது. சாமி படங்களை எல்லாம் இறக்கிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்திருந்தது. கூரை மூலையிலிருந்து தண்ணீர் விட்டுவிட்டுச் சொட்டியது. அதற்கு நேராக அவள் அந்தச் செப்புக் குடத்தை வைத்திருந்தாள்.

"சொன்ன சொல்லு மாற மாட்டேன்" என்றேன். "இன்னிக்கே தொட்டியை இறக்கிடறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அழுத கண்.

"எறக்கிட்டு? மீதி கீறதுங்கள எங்க வுடுவீங்க?"

நான் தரை ஈரத்தைத் துடைக்கக் குனிந்தேன்.

"மொதல்ல மேல போயி அதுங்களுக்கு நல்ல தண்ணி வுடுங்கக்கா. போங்க. சாமி கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பாதிப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். பிறகு மேலே போய்க் குழாயின் முனையைக் கட்டினேன்.